நெற்றியில் பெயர் எழுதிய சர்க்கரை மண்டையோடு

மெக்சிகோ நகரத்துக்கு மேற்கே 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தொலூக்கா. அக்டோபர் பாதி தாண்டினால் அந்த ஊர் நடுவே உள்ள பழைய வளைவு மண்டபங்களின் நிழலில் மிட்டாய்க் கடைகள் வரிசை கட்டிவிடும். தட்டுத் தட்டாக அடுக்கியிருப்பவை எல்லாம் மண்டையோடுகள். எலுமிச்சம்பழ அளவில் தொடங்கித் தேங்காய் அளவு வரை, வெள்ளைச் சர்க்கரையில் வார்த்தவை. கண் இருக்க வேண்டிய குழியில் பளபளக்கும் காகிதப் பொட்டு. புருவத்துக்கு மேலே நீலமும் ரோஜா நிறமுமாகச் சர்க்கரைப் பசையில் பூவேலை. நெற்றியில் ஒரு பெயர். மரியா, ஹொசே, லுப்பீட்டா, பெத்ரோ. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குழந்தை தன் பெயரைத் தேடும். கண்டுபிடித்துவிட்டால் வாங்கித் தராமல் அங்கிருந்து நகர முடியாது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே நக்க ஆரம்பித்து, தாடையைத் தனியாக, நெற்றியைத் தனியாகக் கடித்து முடித்துவிடும்.

தன் பெயர் எழுதிய மண்டையோட்டை ஐந்து வயதுப் பிள்ளை கடித்துத் தின்கிறது என்று நம்மூர்ப் பாட்டியிடம் சொன்னால், முதல் வேலையாக மிளகாயும் உப்பும் எடுத்துச் சுற்றிப் போடுவார்.

செய்முறை எளிது, கை பழக வேண்டும். எலுமிச்சைச் சாறு விட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை, தண்ணீரில் ஊறிய களிமண் அச்சில் ஊற்றுகிறார்கள். ஓரம் இறுகியதும் அச்சைக் கவிழ்த்தால் நடுவில் உள்ள பாகு வடிந்துவிடும். மிஞ்சுவது உள்ளே பொள்ளலான ஓடு. இந்த மிட்டாய்க்கு அங்கே 'அல்ஃபெனிக்கே' என்று பெயர். ஸ்பானியச் சொல்தான், ஆனால் வந்த வழி நீளமானது: சமஸ்கிருதத்தில் பாகைக் குறிக்கும் 'பாணித' என்ற சொல் பாரசீகம் போய், அரபியில் நுழைந்து, ஸ்பெயின் வழியாக மெக்சிகோ சேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனம்பாணி வாங்கித் தின்றவர்களுக்கு அந்தச் சொல் அவ்வளவு அந்நியமாக ஒலிக்காது.

இந்தக் கடைகளெல்லாம் காத்திருப்பது நவம்பர் 1, 2 ஆகிய இரண்டு நாட்களுக்காக. 'தியா தே முவெர்த்தோஸ்', இறந்தோர் நாள். செத்துப்போனவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள் என்பது நம்பிக்கை. 2008-ல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் வாழும் மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்காவின் ஹாலோவீனை ஒட்டிய தேதியில் வருவதாலும் இரண்டிலும் எலும்புக்கூடுகள் இருப்பதாலும் இதை 'மெக்சிகோவின் ஹாலோவீன்' என்று சொல்லிவிடுகிறார்கள். பொருந்தாத பெயர். ஹாலோவீனில் வரும் பேய்க்குப் பெயர் கிடையாது, யாருக்கும் சொந்தமும் கிடையாது. இங்கே வருவது தாத்தா.

விழா எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே தகராறு உண்டு. ஸ்பானியர் வருவதற்கு முன் அஸ்டெக் மக்களிடம் இறந்தோருக்கான மாதங்கள் இருந்தன. முதலில் இறந்த குழந்தைகளுக்கான சிறு விழா, அடுத்துப் பெரியவர்களுக்கான பெருவிழா என்று 16-ம் நூற்றாண்டுத் துறவி டியேகோ துரான் எழுதிவைத்திருக்கிறார். மறுபக்கம், நவம்பர் 2 என்ற தேதியோ பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் குளூனி மடத்தில் தொடங்கிக் கத்தோலிக்க உலகெங்கும் பரவியது. வேளாங்கண்ணியிலும் தூத்துக்குடியிலும் கல்லறைத் திருநாள் கொண்டாடுவது அதே நாளில், அதே காரணத்துக்காகத்தான். எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வேலையை ஆய்வாளர்களிடம் விட்டுவிடலாம். இந்தக் கட்டுரைக்கு முக்கியம் வேறொன்று: அந்த ஊர்ப் பிள்ளைகள் இதற்குள் எப்படி நுழைகிறார்கள் என்பது.

அவர்கள் நுழைவது முன்வாசல் வழியாகவே. இரண்டு நாட்களில் முதல் நாள் குழந்தைகளுக்கு உரியது. அதாவது, சிறு வயதிலேயே இறந்துபோன குழந்தைகளுக்கு. 'ஆங்கெலித்தோஸ்' என்று அவர்களுக்குப் பெயர். நம்மூர்க் கத்தோலிக்கர் வழக்கில் சொன்னால் குட்டிச் சம்மனசுகள். அக்டோபர் 31 இரவு தொடங்கி அவர்கள் வருகிறார்கள். அவர்களுக்கு வைக்கும் தட்டு சிறியது, மெழுகுத்திரி சிறியது, குவளை சிறியது. பால், மக்காச்சோள மாவில் காய்ச்சிய 'அத்தோலே' கஞ்சி, மிட்டாய், பொம்மை. சோள மாவைச் சோள மடலில் பொதிந்து அவிக்கும் 'தமால்' உண்டு. கார்த்திகைக்கு நெல்லைப் பக்கம் பனையோலையில் அவிக்கும் கொழுக்கட்டையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அன்றைய தமாலில் மிளகாய் இருக்காது. குழந்தைக்குக் காரம் ஆகாது அல்லவா? காரம் எல்லாம் மறுநாள், பெரியவர்கள் வரும்போது.

மிளகாய் போடாத அந்தத் தமாலில் ஓர் உண்மை இருக்கிறது. குழந்தைகளும் சாவார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் பெற்றோர் பெரும்பாலும் பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. மெக்சிகோ வீட்டுப் பிள்ளைக்கும் அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. தனக்கு முன் பிறந்து தங்காமல் போன அண்ணனுக்கு ஒரு சிறிய தட்டு இருக்கிறது, அதில் ஒரு பொம்மைக் கார் இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் வருகிறது. அவ்வளவுதான்.

மிச்சோவாக்கான் மாநிலத்தில் பாட்ஸ்குவாரோ ஏரிக்கு நடுவே ஹனிட்சியோ என்றொரு தீவு. புரேப்பெச்சா பழங்குடியினர் வாழும் இடம். நவம்பர் 1 இரவு தொடங்கி 2 விடியும்வரை நடக்கும் விழிப்பைப் பார்க்கத்தான் சுற்றுலாக்காரர்கள் படகு படகாக வந்து இறங்குகிறார்கள். அதற்கு முன்பே, நவம்பர் 1 விடிகாலையில், அங்கே நடப்பது குட்டிச் சம்மனசுகளுக்கான விழிப்பு. தாய்மாரும் பிள்ளைகளும் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, பூவும் பலகாரமும் பொம்மையும் வைத்த சிறு கல்லறைகளைச் சுற்றி மெழுகுத்திரி ஏற்றி உட்காருகிறார்கள். சத்தம் இல்லை, மேளம் இல்லை. பிள்ளைகள் ஒன்றும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். சிலது தூங்கிவிழும்.

வீட்டில் அப்படிச் சும்மா உட்கார முடியாது. வேலை குவிந்து கிடக்கும். 'ஒஃப்ரெண்டா' என்னும் படையல் மேடை கட்ட வேண்டும். படிப்படியாக, நம்மூர்க் கொலு மாதிரி. மேலே நெகிழிப் பூச்சரம் போலத் தொங்கும் சித்திரக் காகிதங்கள். வண்ண டிஷ்யூ தாளை உளியால் கொத்தி எடுத்தவை, புவேப்லா மாநிலத்தின் ஊயிஷ்கோலோத்லா ஊர்க்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். ஒரு குவளை தண்ணீர், ஏனென்றால் நெடுந்தூரம் நடந்து வருபவருக்குத் தாகமெடுக்கும். ஒரு கிண்ணம் உப்பு. சாம்பிராணிபோல் புகையும் கோப்பல் பிசின். மேலே எலும்புபோல் மாவுத் துண்டுகளை ஒட்டிச் சுட்ட வட்ட ரொட்டி. நடுவில் நிழற்படங்கள்.

இதில் ஐந்து வயதுப் பிள்ளைக்கென்றே ஒதுக்கிய வேலை ஒன்று உண்டு: பூ உதிர்ப்பது. 'செம்பசூச்சில்' பூவின் இதழ்களைக் கை நிறையப் பிய்த்து, தெருவாசலில் இருந்து படையல் மேடைவரை தரையில் பாதை போட வேண்டும். அந்த மஞ்சளையும் வாசனையையும் பிடித்துக்கொண்டுதான் ஆவி வழி தவறாமல் வீடு வந்து சேருமாம். பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று யோசித்துப் பாருங்கள். தான் இடையில் விளையாடப் போய்விட்டால் பாதை பாதியில் நின்றுவிடும். பாட்டி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்தப் பூ வேறு யாரும் அல்ல, நம்மூர்ச் செண்டுமல்லி. ஆயுத பூஜைக்கு லாரி முகப்பில் தொங்குவதும், கோயம்பேட்டில் மூட்டை மூட்டையாக இறங்குவதும் அதுதான். தாயகம் மெக்சிகோ, ஐரோப்பியர் கப்பலில் ஏறி இங்கே வந்து, சாமிக்கும் சாவுக்கும் கல்யாணப் பந்தலுக்கும் பொதுவாகிவிட்டது. அஸ்டெக் மக்களின் நவாத்ல் மொழியில் அதன் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். ஒரு பூவுக்குள் அத்தனை இதழ். புவேப்லாவின் அட்லீஸ்கோ பள்ளத்தாக்கு அக்டோபரில் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகக் கிடக்கும். ஓசூர், திண்டுக்கல் பக்கத்து விவசாயி ஒருவரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினால் 'கிலோ என்ன விலை போகுது?' என்றுதான் முதலில் கேட்பார்.

சாவைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று ஆலோசனை சொல்லும் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. பெரும்பாலானவை சரியான சொற்களைத் தேடுகின்றன. மெக்சிகோக்காரர்கள் சொல்லைத் தேடி அலையவில்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளை வேலை செய்துகொண்டே கேட்கும், பெரியவர்கள் வேலை செய்துகொண்டே சொல்வார்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாத சங்கதியை, பூ உதிர்த்துக்கொண்டே சொல்லிவிட முடிகிறது. இந்த விழாவிலிருந்து எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டென்றால் அது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. மேடையில் வைப்பது பொதுவான படையல் இல்லை, அந்தந்த ஆளுக்குப் பிடித்தது. ஒருவருக்கு மெஸ்கல் சாராயம், ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட பிராண்டு சிகரெட், இன்னொருவருக்கு கோகோ கோலா, சாக்லேட்டும் மிளகாயும் அரைத்துச் சேர்த்த 'மோலே' குழம்பு. நம்மூரில் முன்னோருக்குப் படைக்கும்போது தாத்தா படத்துக்குமுன் சுருட்டு வைக்கும் குடும்பங்களுக்கு இது புதிதில்லை. தான் பிறப்பதற்கு இருபது வருடம் முன்பே போய்ச் சேர்ந்த கொள்ளுப்பாட்டி, பிள்ளையின் மனதில் ஒரு சாமி படமாக உட்காருவதில்லை. பல் போன பிறகும் கடலை மிட்டாய் கேட்டு அடம்பிடித்த கிழவியாக உட்காருகிறாள். அப்புறம் அவளைப் பற்றிய கதைகளுக்குக் காது தானாகத் திறக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'ஆவி வரும், சாப்பிடும் என்று சொல்லிப் பிள்ளையை முட்டாளாக்குகிறீர்களா?' என்று ஒரு பகுத்தறிவாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1948-ல் வெளியான ஆய்வு ஒன்றில் மரியா நாஜி என்ற உளவியலாளர், ஹங்கேரியக் குழந்தைகள் சாவை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று படம் வரையவும் எழுதவும் பேசவும் வைத்துப் பார்த்தார். மிகச் சிறியவர்களுக்கு அது தூக்கம் அல்லது பயணம். ஐந்திலிருந்து ஒன்பது வயதுக்காரர்கள் அதை ஓர் ஆளாக, வந்து பிடித்துக்கொண்டு போகிறவனாக நினைத்தார்கள். அதன் பிறகே 'எல்லாருக்கும் நடக்கும், திரும்ப முடியாது' என்ற தெளிவு வந்தது. பின்னால் வந்தவர்கள் வயதுக் கணக்கில் அவரைத் திருத்தியிருக்கிறார்கள். ஆனால் பிள்ளை புரிந்துகொள்ள வேண்டியவை எவை என்பதில் பெரிய சண்டை இல்லை: செத்தவர் திரும்ப மாட்டார், அவர் உடம்பு இனி எதையும் செய்யாது, இது எல்லாருக்கும் வரும்.

அப்படியானால் ஆண்டுதோறும் பாட்டி வருகிறாள் என்ற கதை முதல் பாடத்தையே கெடுத்துவிடாதா? கெடுக்கவில்லை என்றே தெரிகிறது. மெக்சிகோவின் பெற்றோரையும் குழந்தைகளையும் கேட்டு எழுதிய ஓர் ஆய்வு 2020-ல் 'சைல்டு டெவலப்மென்ட்' இதழில் வெளிவந்தது. பிள்ளைகளைச் சாவுச் சடங்குகளிலிருந்து ஒளித்துவைக்கும் பழக்கம் அந்தப் பெற்றோரிடம் குறைவு. குழந்தைகளோ உடம்பைப் பற்றிய அறிவையும் ஆவியைப் பற்றிய நம்பிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தானே இருக்கிறோம்? காலையில் எழுந்ததும் ஓடிப்போய் மேடையில் உள்ள குவளையில் தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கும் பிள்ளை, பாட்டி குடித்திருப்பாள் என்றும் நினைக்கிறது, ஆவியாகியிருக்கும் என்றும் சந்தேகப்படுகிறது. இரண்டையும் அது ரசிக்கிறது.

பிள்ளையைக் குழப்புவது கதை அல்ல, மழுப்பல். 1982 டிசம்பரில் அமெரிக்காவின் 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ இறந்துபோனார். வேறு நடிகரைப் போடலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லிவிடலாம். தயாரிப்பாளர்கள் குழந்தை உளவியலாளர்களிடம் கேட்டுவிட்டு, நேராகச் சொல்வது என்று முடிவுசெய்தார்கள். 1983 நவம்பரில், நன்றி தெரிவிக்கும் நாளில், பெற்றோர் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து அது ஒளிபரப்பானது. ஹூப்பருக்காகத் தான் வரைந்த படத்தோடு வரும் பெரிய மஞ்சள் பறவைக்கு, அவர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று சொல்கிறார்கள். தூங்குகிறார் என்றோ தூரதேசம் போனார் என்றோ ஒரு வார்த்தை இல்லை. 'சாமிகிட்டப் போயிட்டாங்க', 'ஸ்டார் ஆயிட்டாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க' என்று சொல்லிச் சாவு வீட்டிலிருந்து பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பும் நம்மவர்கள், நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த அத்தியாயத்தை ஒருமுறை பார்க்கலாம்.

மெக்சிகோவில் சாவு ஒரு பெண். எருமை மேல் வரும் எமனைப் பார்த்துப் பழகிய நமக்கு இது விநோதம். அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்கள் அதைவிட விநோதம்: எலும்புக்காரி, ஒல்லிப்பிச்சான், மொட்டைச்சி. மரியாதையே கிடையாது. பள்ளிக்கூடங்களில் இந்த நாட்களில் பிள்ளைகள் 'கலவெரீத்தா' என்னும் கேலிப்பாட்டு எழுதுவார்கள். உயிரோடு நன்றாக இருக்கும் கணக்கு வாத்தியாரை எலும்புக்காரி வந்து இழுத்துக்கொண்டு போகிறாள், வாத்தியாரோ அவளுக்கும் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து அவளைக் கதறவைக்கிறார், இந்த ரகம். வாத்தியார் அதை வகுப்பில் வாசிக்கச் சொல்லிச் சிரிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் ஒரு மாணவன் இப்படி எழுதினால் மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியிருக்கும்.

அந்தப் பெண்ணுக்கு முகம் கொடுத்தவர் ஹொசே குவாதலூப்பே பொசாதா. 1852-ல் பிறந்து 1913-ல் வறுமையில் செத்த அச்சுக்கூட ஓவியர். ஐரோப்பியச் சீமாட்டிபோல் இறகுத் தொப்பி வைத்த ஓர் எலும்புக்கூட்டை அவர் கேலிக்காகச் செதுக்கினார். பின்னால் ஓவியர் டியேகோ ரிவேரா அவளுக்கு முழு உடம்பும் உடையும் கொடுத்து, கத்ரீனா என்று நாடறியச் செய்து, 1947-ல் முடித்த ஒரு பெரிய சுவரோவியத்தின் நடுவில் நிறுத்தினார். மெக்சிகோ நகரின் அலமேதா பூங்காவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. கூட்டத்துக்கு நடுவே கத்ரீனா. அவள் ஒரு கையால் பொசாதாவைப் பிடித்திருக்கிறாள். மறு கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் அரைக்கால் சட்டைப் பையன் யாரென்றால், ரிவேராவே. சட்டைப் பையில் தவளையும் பாம்பும் வேறு. பையனுக்குப் பின்னால் ரிவேராவின் மனைவி பிரீடா காலோ அவன் தோளில் கை வைத்து நிற்கிறார். அந்தச் சிறுவன் முகத்தில் பயம் இல்லை. பொருட்காட்சிக்கு அத்தையோடு வந்த பிள்ளையின் முகம் அது.

இவ்வளவு அழகான விஷயத்தை வியாபாரம் சும்மா விடுமா? 2013-ல் டிஸ்னி நிறுவனம், தான் எடுக்கப்போகும் படத்துக்காக 'தியா தே லோஸ் முவெர்த்தோஸ்' என்ற பெயரையே வணிக முத்திரையாகப் பதிவுசெய்ய மனுப் போட்டது. ஊர்த் திருவிழாவின் பெயருக்குப் பட்டா கேட்ட கதை. அமெரிக்காவாழ் மெக்சிகர்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களில் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. மிக்கி எலியை எலும்புக்கூட்டு அரக்கனாக வரைந்து கிண்டலடித்த லாலோ அல்கராஸ் என்ற கார்ட்டூனிஸ்டை, பிற்பாடு அதே படத்துக்கு ஆலோசகராகவும் கூப்பிட்டுக்கொண்டார்கள். 2017-ல் வெளிவந்த அந்தப் படம்தான் 'கோகோ'. நம் வீட்டுப் பிள்ளைகளும் பார்த்துக் கண்ணைக் கசக்கிய படம். அதைக் குறைசொல்லத் தோன்றவில்லை. நினைவில் வைத்திருக்க ஆளில்லாதவர் இரண்டாம் முறையும் சாகிறார் என்ற அதன் கற்பனை, ஏழு வயதுப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2015-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'ஸ்பெக்டர்', மெக்சிகோ நகரத் தெருவில் மாபெரும் எலும்புக்கூட்டு ஊர்வலத்தோடு தொடங்கும். அப்படி ஓர் ஊர்வலம் அந்நகரில் நடந்ததே கிடையாது. படம் பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகள் ஏமாறக்கூடாதென்று 2016 அக்டோபர் 29 அன்று நகர நிர்வாகம் நிஜமாகவே ஊர்வலம் நடத்திவிட்டது. இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது.

ஊர்வலம் இருக்கட்டும். சிக்கல் என்னவென்றால், வெளியூர்க்காரர்கள் இந்த விழாவை எடுத்துக்கொள்ளும்போது எளிதில் கையோடு வருவது முகப்பூச்சு மட்டுமே. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்கு மண்டையோட்டு முகம் வரைந்து, பூ வைத்து, படம் எடுத்து, அதோடு முடித்துவிடும் நிகழ்ச்சிகள் பெருகிவிட்டன. அதில் இறந்தவர் யாரும் இல்லை. ஒரு பெயர் இல்லை, ஒரு படம் இல்லை, ஒருவருக்குப் பிடித்த ஒரு பலகாரம் இல்லை. பிள்ளைக்கு இந்த விழாவைக் காட்ட நினைக்கிறவர்கள் எலும்புக்கூட்டை ஓரமாக வைத்துவிட்டு, வீட்டில் உள்ள பழைய ஆல்பத்தை எடுப்பது நல்லது.

மெக்சிகோக்காரர்களுக்குச் சாவென்றால் பயமே இல்லை, சிரித்துக்கொண்டே எதிர்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உலகெங்கும் உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. யுகட்டானின் மாயா மக்கள் இதே நாட்களில் பூமிக்குள் குழிவெட்டிச் சுட்ட சோள அப்பத்தை ஆவிகளுக்குப் படைக்கிறார்கள். கூடவே தங்கள் பிள்ளைகளின் மணிக்கட்டில் சிவப்பு அல்லது கறுப்புக் கயிறு கட்டிவிடுகிறார்கள். வந்துபோகும் ஆவிகள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாதே என்ற பதைப்பு. விருந்தாளியை வரவேற்கவும் வேண்டும், கதவையும் ஒரு கண் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்புக் கயிறு கட்டிய நம் பிள்ளைகளின் கணுக்காலைப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தாய்மாரைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. நாடு முழுக்க எல்லாரும் ஒரேபோல் கொண்டாடுகிறார்கள் என்பதும் இல்லை. வடக்கு மாநிலங்களில் இந்த மரபு அவ்வளவு வேரூன்றவில்லை; சுவிசேஷ சபைகளில் சேர்ந்த குடும்பங்கள் பல படையல் மேடையே வைப்பதில்லை.

இந்த விழா கைகொடுக்காத இடமும் இருக்கிறது. மெக்சிகோவில் காணாமல்போனோரின் அரசுப் பதிவேடு 2022 மே மாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. போதைக் கும்பல்களும் அவர்களோடு கைகோத்த அதிகாரமும் சேர்ந்து விழுங்கிய மனிதர்கள். இவர்களில் ஒருவரின் படத்தை மேடையில் வைக்கலாமா? வைத்தால் அவர் செத்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வைக்க மாட்டோம், உயிரோடு கொண்டுபோனீர்கள், உயிரோடு திருப்பிக் கொடுங்கள் என்கிறார்கள் பல தாய்மார். 2014-ல் அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியைச் சேர்ந்த 43 மாணவர்கள் காணாமல்போனதிலிருந்து அந்தக் குரல் ஓயவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் வளரும் பிள்ளைக்குத் தெரு முழுக்க மஞ்சள் பாதை போட்டிருக்கும் நாளில் என்ன வேலை கொடுப்பது? வடகிழக்கு இலங்கையில் காணாமல்போனோரின் படத்தைக் கையில் ஏந்தித் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாய்மாரின் வீடுகளிலும் இதே கேள்வி இருக்கிறது. சடங்குக்கு ஓர் உடல் வேண்டும், அல்லது ஒரு தேதியாவது வேண்டும்.

2020-ல் வேறுவிதமாகக் கை கட்டப்பட்டது. கொரோனாவால் மெக்சிகோ நகரத்தின் கல்லறைத் தோட்டங்களை அந்த நாட்களில் பூட்டிவிட்டார்கள். அக்டோபர் 31 முதல் மூன்று நாட்கள் தேசிய துக்கம் அனுசரிக்கப்பட்டது. வீட்டுக்குள் மேடை கட்டினார்கள். உடலைக்கூடப் பார்க்க முடியாமல் போன தாத்தாவை அந்த ஆண்டு பல பிள்ளைகள் முதல்முறையாக 'அந்தப் பக்கத்து' ஆளாகப் பார்த்தது ஒரு மேசை மேல்.

சரி, தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன? மெக்சிகோவின் மேடையை இங்கே பெயர்த்துக்கொண்டு வர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இறந்தோருக்கான நாட்கள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆடி அமாவாசை, மகாளயம், திதி, வீட்டுச் சாமிக்குப் படையல், கல்லறைத் திருநாள். குறை நாளில் இல்லை. அந்த நாட்களில் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதில்தான். எள்ளும் தண்ணீரும் இறைக்கும் இடத்தில் அவர்களுக்கு வேலை இல்லை. 'கிட்ட வராதே, தொடாதே' என்பதுதான் அவர்கள் காதில் விழும் மந்திரம். காக்கையைக் கூப்பிடும் வேலையை மட்டும் சில வீடுகளில் பிள்ளைகளிடம் விடுகிறார்கள். கவனித்துப் பார்த்தால், அந்த நாளில் பிள்ளைகளுக்கு மறக்காமல் நினைவிருப்பதும் அந்தக் காக்கைதான்.

அழுகிற பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தவும் கூடாது. பயந்தால் விட்டுவிட வேண்டும். 'தாத்தா மேலேயிருந்து பார்த்துக்கிட்டே இருக்கார், சேட்டை பண்ணாதே' என்று செத்தவரைப் போலீஸாக்கக் கூடாது. எது பிடிக்கும் தாத்தாவுக்கு என்று கேட்டால், 'முறுக்கு, ரேடியோ, பக்கத்து வீட்டு நாயைத் திட்டுவது' என்று உண்மையைச் சொல்ல வேண்டும். முறுக்கைப் பிள்ளையே தட்டில் எடுத்துவைக்கட்டும்.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே கல்லறைத் தோட்டங்களில் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். புல் செதுக்குவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். சிலுவையில் மங்கிப்போன எழுத்துகளுக்கு மேல் கறுப்பு பெயின்ட்டால் மறுபடி எழுதுவார்கள். திருநாளன்று மாலை சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார். மெழுகுத்திரி வெளிச்சத்தில் செண்டுமல்லி மாலைகள் கிடக்கும். பிள்ளைகள் கல்லறைகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும், 'மிதிக்காதே' என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று பெயின்ட் அடிக்கும் நேரத்தில் அங்கே இருந்தால், அதன் கண் தானாக எழுத்தின் மேல் போகும். 'தோற்றம்' என்று வாசிக்கும். அதன் கீழே ஒரு தேதி. 'மறைவு' என்று வாசிக்கும். அதன் கீழே இன்னொரு தேதி. மறைவு என்றால் ஒளிந்துகொள்வதா என்று கேட்கும். பெயின்ட் பிரஷ்ஷோடு குத்தவைத்து உட்கார்ந்திருக்கும் அப்பா, 'இல்லப்பா, செத்துப்போறது' என்று சொல்லிவிட்டு, 'இந்தா, அந்த ம-வை நீ எழுது' என்று பிரஷ்ஷை அதன் கையில் கொடுக்கலாம். கோணலாக வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அடுத்த வருடம் திருத்திக்கொள்ளலாம்.